நட்சத்திரம் போட்ட ரத்தம்

ஜூன் 3, செவ்வாய்

செவலை, இது உனக்கு எழுதுகிற நோட்டு இல்லை. டாக்டர் எழுதச் சொன்ன நோட்டு. தினமும் என்ன சாப்பிட்டேன், மாத்திரை போட்டேனா, மூச்சு வாங்கியதா, வெளிக்குப் போனது என்ன நிறம், எல்லாம் எழுதிக்கொண்டு வரவேண்டுமாம். அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு இவ்வளவு வீட்டுப்பாடம் கொடுத்தால் என்ன ஆகும்? முதல் வரியிலேயே கை தடுமாறி உன் பெயர் வந்து விழுந்துவிட்டது. ஆள் முன்னால் உன்னை ‘நீங்க’ என்பேன், கதவைச் சாத்தினால் ‘நீ’. நோட்டுக்கும் அட்டை இருக்கிறது. மூடினால் கதவுதான். அதனால் நீ.

நேற்று மார்க்கெட்டில் சாளைக் கூடை மேல் மயங்கி விழுந்தேன். மீன்பிடித் தடைக்காலம், நாட்டுப் படகில் வந்த கொஞ்சம் மீன்தான், அதிலும் பாதி நசுங்கிவிட்டது. விழுந்தது நான், விலை குறைந்தது மீனுக்கு. பக்கத்துப் பலகையில் கருவாடு விற்கிற உன் அக்கா, நம் மாரிக்கனி மைனிதான் என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் பெயர் அபிதா. சின்னப் பெண். என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள். நான் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரியே பார்த்தாள். நானாக இருந்தால் என்னை வாங்கியிருக்க மாட்டேன்.

ரத்தம் எடுத்தார்கள். மத்தியானம் தாள் வந்தது.

“பன்னெண்டு இருக்கணும்மா. உங்களுக்கு அஞ்சு புள்ளி நாலு. எப்படி நடந்து வந்தீங்க?”

“நடக்கல டாக்டர். பஸ்ல வந்தோம்.”

மைனி சும்மா இருப்பாளா. “சீட்டு கூட கெடைக்கல டாக்டரே. நின்னுக்கிட்டுதான் வந்தா.”

தாளில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தது. உன் ரத்தச் சோதனைத் தாளிலும் அதே மாதிரி ஒன்று உண்டு. நமக்கும் ஒரு ஒற்றுமை.

மாத்திரை: போட்டேன்.

ஜூன் 4, புதன்

ஒன்று சொல்ல மறந்தேன். டாக்டர் கேட்ட கேள்விகளில் ஒன்று: “ஐஸ் கட்டி, பச்சரிசி, மண்ணு, சாம்பல், இப்படி எதாவது சாப்பிடுறீங்களா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மீன் பெட்டிக்கு வருகிற ஐஸை ஒளித்து ஒளித்துக் கடிப்பது எனக்கும் ஐஸ் வண்டிக்காரனுக்கும் மட்டும்தான் தெரியும். நாலு வருஷப் பழக்கம். எந்த மீன் எது என்று தெரியாத பெண், என் வாயில் ஐஸ் இருந்ததை எப்படிக் கண்டுபிடித்தாள்?

“அது உங்க தப்பு இல்லம்மா. ஒடம்புல இரும்புச்சத்து கொறஞ்சா நாக்கு இப்படி எதையாவது தேடும்.”

நாலு வருஷமாக நான் அதை வெயிலுக்காகக் கடிக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

பச்சைச் சேலை துவைத்தேன். தண்ணீர் வரவில்லை, மைனி வீட்டில் இரண்டு குடம் கடன்.

மாத்திரை: போட்டேன். சோறு, ரசம்.

ஜூன் 6, வெள்ளி

மைனி சுவரொட்டி வாங்கி வந்து வதக்கிக் கொடுத்தாள். ஆட்டு மண்ணீரல் சாப்பிட்டால் ஒரே வாரத்தில் ரத்தம் ஊறுமாம். கூடவே பீட்ரூட், முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம். தெருவில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நீ இருந்தபோது உன்னைக் காட்டித்தான் எல்லாரும் பேசுவார்கள். “சுடலைமணியப் பாரு, ஒடம்பெல்லாம் ரத்தம், மொகத்துல தீவட்டி எரியுது.” செவலைக்காளை மாதிரி இருக்கிறாய் என்று நானும்தான் பெயர் வைத்தேன். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனுக்கு முகம் கறுக்கத்தானே வேண்டும், உனக்குச் சிவந்தது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மைனி தொடங்கிவிட்டாள்.

“எந்தம்பி ஒடம்புல இருந்ததையெல்லாம் ஊருக்கு ஊத்திட்டுப் போயிட்டான். ஒரு பொம்பள தடுத்திருக்க வேண்டாமா?”

“தடுத்தேன்லா மைனி.”

“எப்பத் தடுத்த புஷ்பம்? முப்பத்தொரு தடவ குடுத்த பெறவு தடுத்த. சட்டி காலியான பெறவு மூடி போட்ட மாதிரி.”

எட்டு மாதமாக இதே பேச்சு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நீ முகாமுக்குப் போய் ரத்தம் கொடுத்து, உடம்பு வற்றி, ஐப்பசியில் துறைமுகக் கேட்டில் கை விளங்காமல் விழுந்து, மூளையில் ரத்தம் கட்டிச் செத்தாய் என்பது அவள் கணக்கு. ரத்தம் கொடுத்த கடைசி வருஷம் நீ இளைத்தாயா இல்லையா? இளைத்தாய். அதைப் பார்த்துத்தானே நானும் பயந்தேன். என் தலையில் உன் கையை வைத்து அழுத்தி, “இனிமே ஒரு சொட்டு வெளிய போச்சுன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்” என்று சத்தியம் வாங்கினேன். அன்றிலிருந்து நீ சாகிற வரை பதினாலு மாதம், நீ முகாம் பக்கமே போகவில்லை.

நான் உனக்கு ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்று. அதையும் தாமதம் என்கிறாள்.

சுவரொட்டியில் உப்பு கூடிவிட்டது. சொல்லவில்லை.

மாத்திரை: போட்டேன்.

ஜூன் 7, சனி

பச்சைச் சேலை.

ஜூன் 8, ஞாயிறு

பச்சைச் சேலை. சிலிண்டர் தீர்ந்துவிட்டது. படி ஏறி மாடி வீட்டில் சொல்லிவிட்டு வர மூன்று இடத்தில் உட்கார்ந்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

இன்று நடந்ததை நிதானமாக எழுதவேண்டும்.

பழைய ரிப்போர்ட் எதுவானாலும் கொண்டு வரச் சொல்லியிருந்தாள் டாக்டர். நம் வீட்டுக் காகிதமெல்லாம் அந்த நகைக்கடைப் பையில்தானே கிடக்கிறது. ரேஷன் கார்டு நகல், உன் இறப்புச் சான்றிதழ், டிவி வாரண்டி, எல்லாம். இங்கிலீஷில் அடித்து, நட்சத்திரம் போட்டது ஒன்றைத் தேடி எடுத்து நீட்டினேன்.

டாக்டர் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

“போன செப்டம்பர்ல இருபது புள்ளி எட்டா? இப்ப அஞ்சு புள்ளி நாலா? அம்மா, நடுவுல என்ன நடந்தது?”

“நடுவுல எங்க வீட்டுக்காரரு இறந்துட்டாங்க.”

“அதுக்கும் இதுக்கும்...” என்று தொடங்கி, தாளின் மேல் பகுதியைப் படித்து, “இது ஆம்பளை பேரு” என்றாள்.

உன் தாள். நீ போவதற்கு ஒரு மாதம் முன்பு, துறைமுகத்தில் லோடுமேன்களுக்கெல்லாம் இலவசமாகப் பார்த்தார்களே, அது. ‘யானை பலம்யா உனக்கு’ என்று சோதித்த ஆள் சொன்னதாக நீ வந்து நெஞ்சைத் தட்டிக்கொண்டாய். வகுப்பில் முதல் மார்க்குக்குப் போடுகிற நட்சத்திரம் என்று நான் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன், நீ போன பிறகுதான் பையில் போட்டேன்.

டாக்டருக்கு என்னை மறந்துபோயிற்று. உன்னைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

“குளிச்சிட்டு வந்தா ஒடம்பு அரிக்குதுன்னு சொல்லுவாரா?”

“ஐயோ, அதுக்காக நான் ஏழு சோப்பு மாத்தினேன் டாக்டர். போர் தண்ணியக் குத்தம் சொல்லி ஓனர்கிட்ட சண்ட போட்டேன்.”

“தலவலி? கண்ணு செவக்குமா?”

“சாயங்காலமானா செவந்துரும். குடிச்சிட்டு வந்திருக்காருன்னு வாய மோந்து மோந்து பாப்பேன். ஒரு நாளும் வாசன வராது.”

“கால் எரியும்னு சொன்னாரா?”

“ஈரத் தரையில கால வச்சிக்கிட்டுத்தான் படுப்பாங்க.”

சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனேன் செவலை. உன்னை ஒரு தடவைகூடப் பார்க்காத பெண், உன்னோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்தினவள் மாதிரிக் கேட்கிறாளே என்று. உன்னைப் பற்றி யாரும் இப்படி ஆசையாகக் கேட்டே எட்டு மாதம் ஆகிவிட்டது.

அவள் பேனாவை மூடி வைத்தாள். “அப்பவே யாராவது பாத்திருக்கலாம்” என்றாள், எனக்குச் சொல்கிற மாதிரி இல்லாமல். பிறகு என் பக்கம் திரும்பி, “சரி, உங்க விஷயத்துக்கு வருவோம். தீட்டு எத்தன நாள் இருக்கு?”

“வழக்கம் போலத்தான்.”

“வழக்கம்னா?”

“நாலு நாளு.”

எழுதிக்கொண்டாள். மலச் சோதனைக்கு டப்பா கொடுத்தாள். இன்னும் இரண்டு குழாய் ரத்தம். இல்லாதவளிடம் போய் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

ஜூன் 11, புதன்

எதை யார் பார்த்திருக்கலாம்?

ஜூன் 13, வெள்ளி

லேபில் ரத்தம் எடுக்கிற பையன் பெயர் எபனேசர். பையன் என்ன பையன், முப்பது வயது, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். ஊசி குத்துவது தெரியாமல் இருக்கப் பேச்சுக் கொடுப்பான். என் ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்துப் பெரிதாக்கிப் பார்த்தானாம்.

“யக்கா, உங்க சிவப்பணு எல்லாம் வெளிறிப்போயி, நடுவுல ஓட்டையா, உளுந்த வடை மாதிரி கெடக்கு. அதுவும் ஒண்ணு சின்னது, ஒண்ணு பெருசு. வீட்டு வட.”

“கடைல போட்டா ஒரே அளவா வருமோ?”

“சிரிக்காதிய யக்கா, ஊசி ஆடுது.”

கையில் உன் தாள் இருந்தது. அவனிடம் நீட்டினேன். “எனக்கில்ல, தெரிஞ்ச ஒருத்தருக்கு. இது என்ன சீக்குன்னு சொல்லு.”

படித்துவிட்டு விசில் அடித்தான். “ஒங்களுக்கு நேர் எதிரு. அளவு தப்புனாத்தான் இந்த நட்சத்திரம் போடுவாங்க. இவரு ஒடம்பு ரத்தத்த அளவில்லாம ஊத்திக்கிட்டே இருக்கு போல. ரத்தம் பாகு மாதிரி கெட்டியாயிரும். கெட்டியானா எங்கயாவது அடைக்கும். இது ஒண்ண வச்சி முடிவா சொல்ல முடியாது, இன்னும் சோதிக்கணும். டாக்டர்ட்ட வரச் சொல்லுங்க. மருந்து சுலபந்தான்.”

“என்ன மருந்து?”

“பெருசா ஒண்ணுமில்ல யக்கா. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா ஒரு பாட்டில் ரத்தத்த எடுத்து வெளிய விட்டுருவாங்க. தல பாரம் எறங்கி ஆளு லேசாயிருவாரு. இது இருக்கது தெரியாமலே மொகாம்ல ரத்தம் குடுத்துக்கிட்டு நல்லா இருக்கவங்களும் உண்டு. அங்க நீலத் தண்ணில ஒரு சொட்டு விட்டுப் பாப்பாங்கல்லா? முங்குச்சின்னா எடுத்துக்குவாங்க. கம்மியா இருக்கான்னுதான் அது சொல்லும். கூட இருந்தா அதுக்குச் சொல்லத் தெரியாது.”

உன் சொட்டு கல் மாதிரி முங்கும் என்று சொல்வாய்.

வீட்டுக்கு வந்தேன். கொடியில் காய்ந்த துணியை மடித்தேன். அரிசியில் கல் பொறுக்கினேன். பூனைக்குச் சாளைத் தலை போட்டேன்.

மாத்திரை: போட்டேன். சோறு, புளிக்குழம்பு. மூச்சு வாங்கவில்லை. நிறம் கறுப்பு.

ஜூன் 14, சனி

மாத்திரை: போட்டேன். சோறு, புளிக்குழம்பு. மூச்சு வாங்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மாத்திரை: போட்டேன். மூச்சு வாங்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

தடைக்காலம் முடிந்தது. விசைப்படகெல்லாம் போய்த் திரும்ப ஆரம்பித்துவிட்டது. மார்க்கெட்டில் திருவிழா. இரண்டு மாதமாகக் கோழி தின்று சலித்த ஊர், விளைமீனுக்கு அடித்துக்கொள்கிறது. மைனிக்கு எரிச்சல், மீன் வந்தால் கருவாட்டை யார் சீண்டுவார்கள்.

நான் மீனை வெட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு கிலோ பாறைமீன், நாலு துண்டு. எல்லா மீனுக்கும் ரத்தம் இருக்கிறது செவலை. கையெல்லாம். பத்து மணிக்குள் எனக்குக் காது அடைத்துவிட்டது. பலகைக்கு அடியில் உட்கார்ந்து ஐஸ் கடித்தேன்.

மைனி குனிந்து பார்த்தாள். “ஏட்டி, கருங்கல்லத் திங்கியா?”

“ஐஸு மைனி.”

“எந்தம்பி போனதுலேர்ந்து ஒனக்குப் பித்துப் பிடிச்சிட்டு.” ஆனாலும் தன் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவளைப் பார்க்க முடியவில்லை. ‘தடுத்தேன்லா மைனி’ என்று எத்தனை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். வாதத்தில் நான் ஜெயிக்காமல் இருந்தது எவ்வளவு நல்லது.

பச்சைச் சேலை.

ஜூன் 19, வியாழன்

டாக்டரிடமே கேட்டுவிட்டேன். மைனி வெளியே சீட்டு வாங்க வரிசையில் நின்றாள், அந்த நேரம் பார்த்து.

“டாக்டர், எங்க வீட்டுக்காரரு எட்டு வருஷமா ரத்தம் குடுத்தாங்க. பெறவு நிறுத்திட்டாங்க. நிறுத்தினதாலயா போனாங்க?”

“அப்படி நிச்சயமா சொல்ல முடியாதும்மா. ஒரே ஒரு ரிப்போர்ட்தான் இருக்கு. எலும்பு மஜ்ஜை, மரபணு சோதனை எதுவும் பண்ணல. பக்கவாதத்துக்கு வேற காரணமும் இருக்கலாம்.”

“நிறுத்தாம இருந்திருந்தா?”

“கொஞ்ச நாள் தள்ளிப் போயிருக்கலாம். இருக்கலாம்தான்.” பிறகு, “யாரு நிறுத்தச் சொன்னாங்க?”

“அவரே நிறுத்திட்டாரு” என்றேன்.

இருக்கலாம் என்பதை டாக்டர்கள் வலி மாத்திரை மாதிரிக் கொடுக்கிறார்கள். நாலு மணி நேரம் கேட்கிறது, பிறகு விட்டுவிடுகிறது.

என் ரிப்போர்ட்டும் வந்திருந்தது. இரும்புச்சத்து சேமிப்பு இரண்டு என்றாள். கஜானாவில் கூட்டிப் பெருக்கினாலும் தூசிதான். மலத்தில் ரத்தம் இல்லை, பூச்சி இல்லை. வயிற்றில் புண் இருக்கிற அடையாளம் இல்லை.

“மாத்திரை ஒழுங்காப் போட்டா பதினஞ்சு நாள்ல கொஞ்சமாவது ஏறணும். உங்களுக்கு இன்னும் எறங்கிருக்கு, நாலு புள்ளி ஒம்போது. போற ரத்தம் எங்கயோ போகுது. எங்கன்னுதான் தெரியல. நோட்டு எழுதுறீங்களா?”

“எழுதுறேன்.”

“கொண்டு வாங்க.”

“மீன் தண்ணி கொட்டிட்டு டாக்டர்.”

திங்கட்கிழமை வயிற்றுக்கு ஸ்கேன்.

ஜூன் 20, வெள்ளி

மாத்திரைப் பெட்டியை மைனி கண்டுபிடித்துவிட்டாள். உப்பு எடுக்க வந்தவள், அடுக்குப் பானைக்குப் பின்னால் கையை விட்டாள். மூன்று அட்டை, பிரிக்காமல்.

‘போட்டேன்’, ‘நிறம் கறுப்பு’ என்று எழுதினதெல்லாம் டாக்டருக்காக எழுதியது. நீ நம்பியிருக்க மாட்டாய்.

மைனி உப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 23, திங்கள்

ஸ்கேன் எடுக்கிற அம்மா வயிற்றில் பசையைத் தடவி உருட்டிவிட்டு, “கர்ப்பப்பையில கட்டி இருக்கே, ஆரஞ்சுப் பழம் அளவு. உங்களுக்குத் தெரியாதா?” என்றாள். சாதாரண நார்க்கட்டிதானாம், புற்று மாதிரித் தெரியவில்லையாம்.

அபிதா டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கேட்டாள். “தீட்டு எத்தன நாள்மா?”

“நாலு...”

“பொய் சொல்லுதா டாக்டரே.” மைனி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். “மாசத்துல பன்னெண்டு நாளு, பதிமூணு நாளு. கொடில எப்பப் பாத்தாலும் அந்தப் பச்ச சேலதான் தொங்குது. கற தெரியாதுன்னு அதையே கெட்டுதா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டா. வெடியும் முன்ன கொழாயடில என்ன தொவைக்கான்னு நான் பாக்க மாட்டேனா? மாத்திரையும் முழுங்கல. பானைக்குப் பின்னால ஒளிச்சி வச்சிருக்கா. எந்தம்பி பின்னாலயே போயிரலாம்னு பாக்கா இவ.”

“அப்படியெல்லாம் இல்ல டாக்டர்” என்றேன்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “எத்தன வருஷமா?”

“நாலு வருஷம் இருக்கும். அவங்க போன பெறவு கூடிட்டு.”

“ஏம்மா சொல்லல?”

மூன்று வாரமாக என் ரத்தம் எங்கே போகிறது என்று நாலு பேர் கண்ணாடி வைத்துத் தேடியிருக்கிறார்கள். சேலையைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். தலையைக் குனிந்துகொண்டேன்.

கர்ப்பப்பையை எடுக்கவேண்டுமாம். அதற்கு முன் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றவேண்டும். இப்படியே விட்டால் இதயம் நின்றுவிடும் என்றாள். மைனி என் கையைப் பிடித்திருந்தாள், வளையல் அழுந்தியது.

ஜூன் 27, வெள்ளி

வார்டில் சேர்த்துவிட்டார்கள். கட்டில் எண் ஒன்பது. என் வகை ரத்தம் கையிருப்பு குறைவாம். உறவில் யாராவது எந்த வகையானாலும் ஒரு பாட்டில் கொடுத்தால் உதவியாக இருக்கும் என்று ரத்த வங்கியில் சொன்னார்கள்.

மைனி உன் அட்டையை எடுத்துக்கொண்டு போனாள். முப்பத்தொரு முத்திரை குத்திய அந்தப் பச்சை அட்டை. கவுண்டர்காரர் மரியாதையாக எழுந்தே நின்றாராம். “இப்படி ஒரு அட்டைய நான் பாத்ததில்ல. ஆனா கடேசியாக் குடுத்து ஒரு வருஷத்துக்குள்ளன்னாத்தான் குடும்பத்துக்கு முன்னுரிமை. இது ரெண்டு வருஷம் ஆச்சே. அவரு ஏன் நிறுத்திட்டாரு?”

மைனி திரும்பி வந்து அதை அப்படியே என்னிடம் கேட்டாள். “போன வருஷம் வரைக்கும் குடுத்திருந்தாம்னா இப்ப ஒனக்குக் கெடச்சிருக்கும். ஏட்டி, நீ தடுத்ததும் தப்பாப் போச்சே” என்று சொல்லி, பாவம், அவளே சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை.

“நீங்க போங்க மைனி” என்றேன்.

“எங்க?”

“குடுக்க.”

அவள் முகம் வெளுத்துவிட்டது. எந்த வேலையால் தம்பி செத்தான் என்று எட்டு மாதமாகச் சொல்லி வருகிறாளோ, அந்த வேலைக்கு அவளை அனுப்புகிறேன். அது கொல்லாது, அது அவனைக் காப்பாற்றியது என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் பயம் போய்விடும். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் அடுத்து எல்லாவற்றையும் சொல்லவேண்டும்.

சொல்லவில்லை.

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். “நீயும் போயிட்டா நான் யாரு கூடச் சண்ட போட? எனக்கு ஒண்ணு ஆச்சின்னா கருவாட்டப் பூன தின்னாமப் பாத்துக்க.” போய்விட்டாள்.

நடந்துபோன விதத்தைப் பார்த்தேன். கோயிலில் தீ மிதிக்கப் போகிறவள் மாதிரி.

ஜூன் 28, சனி

ரத்தம் ஏறுகிறது. இடது கையில் ஊசி, வலது கையில் பேனா. யாருடையதோ. கறுஞ்சிவப்பு.

நேற்று மைனி உயிரோடு திரும்பி வந்தாள். கையில் ஒட்டுப் பிளாஸ்திரி, அவர்கள் கொடுத்த பிஸ்கட், மாம்பழ ஜூஸ். ஒரு யுத்தத்தில் ஜெயித்த முகம். “ஒண்ணுமே இல்லட்டி! கொசு கடிச்ச மாதிரிதான். என் சொட்டும் முங்கிருச்சி. இதுக்கா எந்தம்பி செத்தான்?”

அப்போதுதான் தாங்க முடியாமல் சொன்னேன்.

“இதுக்கு இல்ல மைனி. இத நிறுத்தினதுக்கு.”

எபனேசர் சொன்னது, டாக்டர் சொன்னது, இருபது புள்ளி எட்டு, பாகு, பக்கத்தில் போட்ட நட்சத்திரம், என் தலையில் வாங்கின சத்தியம், எல்லாம் சொன்னேன். ‘இருக்கலாம்’ என்பதையும் விடாமல் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரி பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

மைனி அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் ஒரு பிஸ்கட்டை எடுத்து முழுதாகத் தின்றாள். பிறகு இன்னொன்று.

“எங்கிட்ட வந்தான்” என்றாள்.

“யாரு?”

“எந்தம்பிதான். போன ஆவணில. ‘யக்கா, தல வெடிக்கி. ஒரே ஒருக்காப் போய்க் குடுத்துட்டு வந்தா எறங்கிரும். புஷ்பத்துக்கிட்ட நீ சொன்னா கேப்பா’ன்னான். நான் வெளக்கமாத்த எடுத்துட்டேன். ‘அந்தப் பக்கம் போன, காலு ரெண்டையும் ஒடிச்சிருவேன்’னேன். பேசாம எந்திச்சிப் போயிட்டான்.”

எனக்கும் ஞாபகம் வந்தது. என்னிடமும் நீ ஒரு தடவை கேட்டாய். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன், திரும்பிக்கூடப் பார்க்காமல் “சத்தியம்” என்று ஒற்றை வார்த்தை சொன்னேன்.

மைனி ஜூஸ் டப்பாவை என் வாயில் வைத்தாள். “குடி. இனிமே இந்தப் பேச்சு வேண்டாம்.” டப்பாவை வாங்கி வைத்துவிட்டு, “இல்ல, பேசுவோம். பேசாம எப்படி இருக்க?”

நர்ஸ் வந்து, “கை ஆடக் கூடாதும்மா, என்ன எழுத்து?” என்கிறாள்.

ஜூலை 2, புதன்

இன்று ஏழு புள்ளி எட்டு. காது அடைக்கவில்லை. ஐஸ் மேல் ஆசை இன்னும் போகவில்லை, இரும்பு ஏறினால் போய்விடும் என்றாள் டாக்டர். அடுத்த வாரம் ஆபரேஷன். மாத்திரை போட்டேன், மைனி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள், அதனால் இதை நீ நம்பலாம்.

டாக்டர் நோட்டை மறுபடி கேட்டாள். மாத்திரையும் சோறும் மட்டும் எழுதிய வேறு நோட்டு ஒன்று போட்டுத் தரவேண்டும். இது உள்ளே கிடக்கட்டும்.

படுத்துக்கொண்டே இருப்பதால் யோசனைதான். பீடியை விடுவேன் என்று உன் அம்மா படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தாய், தெரு முனை தாண்டவில்லை. சீட்டாட மாட்டேன் என்று சூடத்தை அணைத்தாய், அன்றைக்கே வேட்டி மடிப்பிலிருந்து ராணி விழுந்தாள். உன் சிநேகிதன் முருகேசனோடு பேச மாட்டேன் என்றாய், அவன் கல்யாணத்தில் பந்தி பரிமாறினாய். இருபது வருஷத்தில் நீ எனக்குச் செய்த ஒரு சத்தியமும் ஒரு வாரம் தாண்டியதில்லை. நானும் அதை எதிர்பார்த்ததில்லை. சத்தியம் வாங்குவது என் வேலை, மீறுவது உன் வேலை, அப்படித்தான் குடும்பம் ஓடியது.

முகாம் துறைமுகக் கேட்டுக்குள்ளேயே நடந்தது. இருபது நிமிஷம். பிளாஸ்திரியைப் பிய்த்துப் போட்டுவிட்டு வந்திருந்தால் எனக்கு எங்கே தெரியப்போகிறது? தெரிந்தாலும் ஒரு நாள் சோறு போட்டிருக்க மாட்டேன், அவ்வளவுதானே.

எல்லாச் சத்தியத்தையும் மீறினவன், இந்த ஒன்றை மட்டும் ஏன் செவலை காப்பாற்றினாய்?